வெள்ளம் வடிந்தது; வீட்டை மீட்பது எப்படி?

(விவசாயத் தொழிலாளர்களும் மில் தொழிலாளர்களும் குடும்பத்தோடு கூடிய கூட்டத்தில் நிகழ்த்திய பேச்சு)



வெள்ளத்தைப் பற்றிப் பேச வேண்டுமென்று எங்களை அழைத்தீர்கள். வெள்ளம் வந்த கதை உங்களுக்குத் தெரியும். பத்திரிகைகள் எழுதின. மந்திரிகள் வந்தார்கள். படகு வந்தது, ஹெலிகாப்டர் வந்தது. பிறகு தண்ணீர் வடிந்தது. வந்தவர்கள் எல்லோரும் போய்விட்டார்கள். எங்கள் வேலை அதற்குப் பிறகுதான் ஆரம்பமாயிற்று. அந்த வேலையைப் பற்றித்தான் இன்று பேசப் போகிறோம். சுவரைக் காப்பாற்றிய கதையும் உண்டு. காப்பாற்றத் தெரியாமல் பறிகொடுத்த கதையும் உண்டு. இரண்டையும் ஒளிக்காமல் சொல்கிறோம். எங்கள் தவறு உங்களுக்குப் பாடமாகட்டும்.

எங்கள் தெரு தாமிரபரணிக் கரையில், ஸ்ரீவைகுண்டம் அணைக்கட்டுக்குக் கீழே, ஒரு வாய்க்காலை ஒட்டி இருக்கிறது. பெரும்பாலோர் நெல் வயலிலும் வாழைத் தோட்டத்திலும் கூலி வேலை செய்பவர்கள். இளவட்டங்களில் சிலர் கோவில்பட்டிக்கும் தூத்துக்குடிக்கும் மில் வேலைக்குப் போகிறார்கள். வாரம் ஒரு முறை வீட்டுக்கு வருவார்கள்.

2023 டிசம்பர் 17, ஞாயிற்றுக்கிழமை. மார்கழி முதல் நாள். அன்று காலையில் பிடித்த மழை விடவே இல்லை. மறுநாள் காலை வரை 24 மணி நேரத்தில் காயல்பட்டினத்தில் 95 சென்டிமீட்டர் மழை பதிவாயிற்று. ஸ்ரீவைகுண்டத்தில் 60 சென்டிமீட்டருக்கு மேல். ஒரு வருஷத்தில் பெய்ய வேண்டிய மழை ஒரு ராத்திரியில் கொட்டியது. மேலே பாபநாசத்திலும் மணிமுத்தாற்றிலும் திறந்துவிட்ட தண்ணீர் ஆற்றில் வந்தது. குளங்கள் உடைந்த தண்ணீர் பக்கவாட்டில் வந்தது. 1992 நவம்பர் வெள்ளத்தைப் பார்த்த பெரியவர்கள்கூட இப்படித் தண்ணீர் இரண்டு பக்கமும் வந்து பார்த்ததில்லை என்றார்கள்.

அந்த நாட்களில் திருச்செந்தூரிலிருந்து சென்னைக்குப் போன ரயில் ஸ்ரீவைகுண்டத்தில் நின்றுவிட்டது. சுமார் 800 பிரயாணிகள் அதில் மாட்டிக்கொண்டார்கள். அவர்களுக்குப் பக்கத்திலுள்ள புதுக்குடி ஜனங்கள் சோறு பொங்கிப் போட்டார்கள். அவர்களுடைய ஊரைச் சுற்றியும் தண்ணீர்தான். இருந்த அரிசியை எல்லோருக்குமாகப் பொங்கினார்கள். இந்தப் பேச்சுக்கு இதுதான் ஆரம்ப பாடம். ஆபத்தில் முதலில் வந்து நிற்பவர் பக்கத்துத் தெருக்காரர்தான்.

உள்ளே கால் வைக்குமுன்

தண்ணீர் வடிந்த அன்று எல்லோரும் பள்ளிக்கூடத்திலிருந்து வீட்டைப் பார்க்க ஓடினோம். ஓடத்தான் தோன்றும். வீடு என்றால் வெறும் சுவரா? பிள்ளைகளின் புத்தகம், ரேஷன் கார்டு, விதைநெல், கட்டிக் காத்த இரண்டு பித்தளைப் பானை எல்லாம் அதில்தானே இருக்கிறது? ஆனால் ஓடியது தவறு.

வாசலில் நின்று வீட்டை ஒரு சுற்றுப் பார்க்க வேண்டும். சுவர் சாய்ந்திருக்கிறதா, மூலையில் வெடிப்பு விட்டிருக்கிறதா, விட்டம் இறங்கியிருக்கிறதா என்று பார்க்க வேண்டும். சந்தேகம் இருந்தால் உள்ளே போகலாகாது. ஈரச் சுவர் சத்தம் போட்டுவிட்டு விழாது.

அடுத்தது மின்சாரம். மெயின் சுவிட்ச் தண்ணீரில் நனைந்திருந்தால் அதை நாமே தொடக் கூடாது. லைன்மேன் வந்து கம்பத்தில் துண்டித்த பிறகுதான் வீட்டுக்குள் கை வைக்க வேண்டும். தெருவுக்கு மறுபடி மின்சாரம் கொடுக்குமுன், நனைந்த வீடுகளின் இணைப்பைத் தனியே கழற்றச் சொல்ல வேண்டும். காஸ் சிலிண்டர் மிதந்து எங்கேயாவது கிடக்கும். வாடை வந்தால் தீக்குச்சி கிழிக்கக் கூடாது. பாம்பும் பூரானும் நம்மைப் போலவே மேட்டைத் தேடி வந்திருக்கும். பரணிலும், சுருட்டி வைத்த பாயிலும், அடுப்புப் பொந்திலும் இருக்கும். கையை விடாமல் நீளக் கம்பை விட்டுப் பார்க்க வேண்டும்.

சேறு ஈரமாக இருக்கும்போதே

பத்தடிக்குப் பன்னிரண்டடி அறை. அதில் அரையடிச் சேறு. எவ்வளவு என்று கணக்குப் போட்டீர்களா? 60 கன அடி. ஈரமாக எடை போட்டால் சுமார் 3 டன். 20 கிலோ பிடிக்கும் சட்டியில் அள்ளினால் 150 சட்டி. ஒரு அறைக்கு மட்டும் இவ்வளவு. ஒரு தாயும் இரண்டு பிள்ளைகளும் அள்ளி முடிக்கிற காரியமா இது?

இதை நாலு நாள் காயவிட்டால் கடப்பாரைதான் வேண்டும். ஆற்று வண்டல் காய்ந்தால் தரையோடும் சுவரோடும் ஒட்டிக்கொள்ளும். பெயர்த்தால் பூச்சும் சேர்ந்து வரும். ஆகவே சேற்றை ஈரத்தில் அள்ள வேண்டும். தனித்தனியாக அள்ளினால் ஈரத்தில் முடியாது. இதை நாங்கள் முதல் நாள் சாயங்காலம்தான் உணர்ந்தோம். அவரவர் வீட்டில் அவரவர் அள்ளினோம். ஒரு வீடும் முடியவில்லை. அன்று ராத்திரி கூடிப் பேசினோம். மறுநாள் முதல் எட்டுப் பேர் ஒரு குழு. இருவர் வெட்ட, நால்வர் சட்டி மாற்ற, இருவர் வெளியே இழுக்க. நடவுக்கு நிரை கட்டுவது போல வரிசையாக நின்று சட்டியைக் கை மாற்றினோம். வீட்டுக்கு ஒரு மணி, இரண்டு மணி நேரத்தில் முடிந்தது. யார் வீடு முதலில்? கைக்குழந்தை இருக்கிற வீடு, படுத்த படுக்கையான கிழவர் இருக்கிற வீடு, ஆண் துணை இல்லாத வீடு. இந்த வரிசையைப் பெண்கள்தான் போட்டார்கள். ஒருவரும் மறுக்கவில்லை.

ஒரு எச்சரிக்கை. உள்ளே இருக்கிற சேற்றை மட்டும் ஒரே மூச்சில் அள்ளிவிட்டு, வெளியே சுவரை ஒட்டி நிற்கும் சேற்றையும் தண்ணீரையும் அப்படியே விட்டால், வெளிப் பாரம் சுவரை உள்ளே தள்ளிவிடும். எங்கள் தெருவில் ஒரு வீட்டின் பின்சுவர் இப்படித்தான் சாய்ந்தது. வெளியே ஓடை வெட்டித் தண்ணீரை விலக்கிவிட்டு, இரு பக்கமும் சமமாக அள்ளிக்கொண்டு வர வேண்டும்.

அள்ளிய சேற்றை எங்கே போடுவது? தெருவில் குவித்தோம். அடுத்த மழையில் அது மறுபடி வீட்டுக்குள் வந்தது. வாய்க்காலில் தள்ளினால் வாய்க்கால் தூர்ந்துபோகும். பிறகுதான் ஊர்ப் பள்ளம் ஒன்றைப் பார்த்து அங்கே கொண்டுபோய்க் கொட்டினோம். முதல் நாளே இதை நினைத்திருந்தால் இரட்டை வேலை இல்லை.

மண் சுவரின் குணம்

எங்கள் தெருவில் பாதி வீடு மண் சுவர், பனங்கை விட்டம், ஓலைக் கூரை. மீதி செங்கல் சுவர், ஓடு அல்லது தளம். செங்கல் வீட்டைக் கழுவலாம். மண் வீட்டைக் கழுவலாமா?

நாங்கள் கழுவினோம். தீயணைப்பு வண்டித் தண்ணீர் கிடைத்தது. சுத்தமாகட்டும் என்று சுவரெல்லாம் பீய்ச்சினோம். மூன்றாம் நாள் அந்தச் சுவர் அடியில் கரைந்து உட்கார்ந்துவிட்டது. வெள்ளம் விட்டுவைத்த சுவரை நாங்கள் விழுத்தாட்டினோம்.

கடைசி வீட்டு ஆச்சி அன்றே சொன்னாள்: "ஈரச் சொவத்தத் தொடாதீக மக்கா. அது குடிச்ச தண்ணிய அதுவாத்தான் எறக்கும்." நாங்கள் காதில் வாங்கவில்லை. ஆச்சி சொன்னதுதான் நியாயம். மண் சுவருக்கு அடியிலுள்ள ஒன்றரை, இரண்டடிதான் முழுப் பாரத்தையும் தாங்குகிறது. அந்த அடிப்பாகம் ஊறினால் பலம் போய்விடுகிறது. அது காயும் வரை பாரத்தைக் குறைக்க வேண்டும். கூரைக்கு அடியில் பனங்கட்டை முட்டுக் கொடுக்க வேண்டும். ஜன்னல் கதவைத் திறந்து காற்று விட வேண்டும். சீக்கிரம் காயட்டும் என்று அறைக்குள் நெருப்பு மூட்டக் கூடாது. வெளித்தோல் காய்ந்து வெடிக்கும், உள்ளே ஈரம் அப்படியே நிற்கும்.

இன்னொரு வீட்டில், மில்லில் வேலை செய்யும் பையன் வட்டிக்குப் பணம் வாங்கி, பொங்கலுக்குள் வீடு புதிதாக இருக்க வேண்டுமென்று ஈரச் சுவரின் மேல் சிமெண்டு பூசினான். பொங்கலுக்கு வீடு பளபளவென்று இருந்தது. சித்திரையில் பூச்சு தோல் உரிவது போல உரிந்து விழுந்தது. உள்ளே மாட்டிக்கொண்ட ஈரம் வெளியே வர வழி தேடியது. உப்புப் பூத்து, பூச்சைத் தள்ளிவிட்டது. மண் சுவருக்கு மண் பூச்சு அல்லது சுண்ணாம்புப் பூச்சுத்தான் ஒத்துப்போகும். ஏனென்றால் அவை ஈரத்தை வெளியே விடும். அதையும் சுவர் காய்ந்த பிறகே பூச வேண்டும். ஒரு போகம் காத்திருந்தால் ஒரு சுவர் மிஞ்சும்.

கிணறு, சோறு, காய்ச்சல்

வெள்ளநீரில் என்னென்ன கலந்து வந்தது என்று சொல்ல வேண்டியதில்லை. செத்த ஆடு, கக்கூஸ் குழி, வயல் மருந்து எல்லாம் வந்தது. நனைந்த அரிசி, மாவு, பருப்பு எதையும் காயவைத்துத் தின்னலாகாது. மனசு வராது, தெரியும். எங்கள் பெண்கள் அரிசியை வாரிக் கொட்டும்போது அழுதார்கள். ஆனால் அந்த அரிசி ஆஸ்பத்திரிச் செலவாகத் திரும்பி வரும். பாத்திரங்களைச் சோப்புப் போட்டுத் தேய்த்துக் கொதிநீரில் போட வேண்டும். பஞ்சு மெத்தை, தலையணை நனைந்திருந்தால் விட்டுவிட வேண்டும்.

கிணற்றை முதலில் இறைக்க வேண்டும். சேற்றை எடுத்து, உள்சுவரைத் தேய்க்க வேண்டும். புது ஊற்று வந்த பிறகு பிளீச்சிங் பவுடர். அளவு எப்படி? சாதாரண காலத்தில் 1,000 லிட்டர் தண்ணீருக்கு நல்ல பவுடர் இரண்டரைக் கிராம். கிணற்றின் குறுக்களவு 2 மீட்டர், தண்ணீர் ஆழம் 3 மீட்டர் என்றால் சுமார் 9,400 லிட்டர் இருக்கும். அதற்கு 24 கிராம். வெள்ளம் புகுந்த கிணற்றுக்கு இதைவிட அதிகம் வேண்டும்; சுகாதார ஆய்வாளரைக் கூப்பிட்டு அளவு கேட்டுப் போட வேண்டும். பவுடரை அப்படியே கிணற்றில் வீசக் கூடாது. வாளியில் குழைத்து, தண்ணீர் ஊற்றிக் கலக்கி, பத்து நிமிஷம் தெளியவிட்டு, தெளிந்த நீரை மட்டும் வேறு வாளியில் எடுத்துக் கிணற்றில் இறக்கி அசைக்க வேண்டும். ஒரு மணி நேரம் கழித்துத்தான் தண்ணீர் எடுக்கலாம். அதற்குப் பிறகும் குடிக்கிற தண்ணீரைக் கொதிக்கவைத்துத்தான் குடிக்க வேண்டும். பிளீச்சிங் பவுடரோடு கக்கூஸ் கழுவுகிற ஆசிட்டைச் சேர்க்கவே கூடாது. விஷப் புகை வரும். மூடிய அறையில் ஆளையே கொல்லும்.

வெறுங்காலோடு சேற்றில் நிற்பது நமக்குப் பழக்கம். வயல் சேறு வேறு, வெள்ளச் சேறு வேறு. எலி மூத்திரம் கலந்த தண்ணீர் காலிலுள்ள வெடிப்பு வழியாக உள்ளே போனால் எலிக்காய்ச்சல் வரும். காய்ச்சலோடு கெண்டைக்கால் சதை வலித்தால், கண் சிவந்தால், கஷாயம் வைத்துக் குடித்துவிட்டுப் படுத்துவிடாமல் அன்றே ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும். "வெள்ளத் தண்ணீரில் வேலை செய்தேன்" என்று டாக்டரிடம் வாய்விட்டுச் சொல்ல வேண்டும். ஆரம்பத்திலேயே மருந்து கொடுத்தால் குணமாகிற நோய் இது. தகரமோ ஆணியோ கிழித்தால் டெட்டனஸ் ஊசி போட்டுக்கொள்ள வேண்டும்.

துடைக்குமுன் எழுது

இனி சொல்லப் போவது மிகவும் முக்கியமானது, தோழர்களே. சேற்றை அள்ளுமுன் படம் எடுங்கள். நாம் சுத்தக்காரர்கள். வீடு அலங்கோலமாய்க் கிடந்தால் நமக்கு வெட்கம். அதிகாரி வருமுன் வாசல் தெளித்துவிட வேண்டுமென்று நினைக்கிறோம். எங்கள் தெருவுக்குக் கணக்கெடுக்க வந்தது ஐந்தாம் நாள். அதற்குள் நன்றாகத் துப்புரவு செய்துவிட்ட வீடுகளுக்கு என்ன எழுதினார்கள் தெரியுமா? "சேதமில்லை". சோம்பேறியாகச் சேற்றோடு விட்டவன் வீட்டுக்குச் சேதம் எழுதப்பட்டது. உழைத்தவனுக்கு இது தண்டனை அல்லவா?

ஆகவே செல்போனில் படம் எடுங்கள். தண்ணீர் நின்ற கோட்டைச் சுவரில் கரியால் கோடு போட்டு, தேதி எழுதி, வீட்டுக்காரரை அருகில் நிறுத்திப் படம் எடுங்கள். ஒவ்வொரு சுவரும் எத்தனை அடி நீளம், எத்தனை அடி விழுந்தது என்று டேப் வைத்து அளந்து எழுதுங்கள். செத்த ஆட்டையும் கோழியையும் புதைக்குமுன் படம் எடுங்கள். தெரு முழுவதற்கும் ஒரே நோட்டுப் புத்தகம். எங்கள் நோட்டை எழுதியவள் பிளஸ் டூ படிக்கும் ஒரு பெண். அவள் எழுத்து அழகாக இருந்தது. அதைவிடக் கணக்கு சரியாக இருந்தது.

நனைந்த பத்திரங்களைத் தேய்க்கவோ இழுக்கவோ கூடாது. பட்டா, பள்ளிச் சான்று, ரேஷன் கார்டு எதுவானாலும் மெல்லப் பிரித்து, நிழலில் துணி விரித்துக் காயப் போடுங்கள். எண் தெரிந்தால் போதும், நகல் வாங்கிவிடலாம். பாதி அழிந்த காகிதம் என்று அடுப்பில் போட்டுவிடாதீர்கள். எங்களில் ஒருவர் போட்டுவிட்டு இன்றுவரை அலைகிறார்.

குடிசையா, வீடா?

கடுமையாகப் பாதித்த தாலுகாக்களில் குடும்பத்துக்கு 6,000 ரூபாயும் 5 கிலோ அரிசியும் ரேஷன் கடை வழியாக வந்தது. அது வயிற்றுக்கு. வீட்டுக்கு?

2022-23 முதல் 2025-26 வரை அமலில் இருந்த மத்திய சர்க்காரின் பேரிடர் நிவாரண விதிகளைச் சொல்கிறோம், கேளுங்கள். சமவெளியில் முழுதும் இடிந்த வீட்டுக்கு 1,20,000 ரூபாய். குடிசைக்கு 8,000 ரூபாய். நூற்றுக்குப் பதினைந்து பங்காவது சேதமான கல் கட்டட வீட்டுக்கு 6,500. கச்சா வீட்டுக்கு 4,000. மாட்டுக் கொட்டகைக்கு 3,000. மாநில அரசாங்கங்கள் தங்கள் கையிலிருந்து இதற்கு மேலும் கொடுக்கலாம்; அந்த வெள்ளத்துக்குப் பிறகு இங்கே புது வீடு கட்டவும் பழுது பார்க்கவும் தனியே தொகை அறிவித்தார்கள்.

இதில் ஒரு சூட்சுமம் இருக்கிறது. ஒரு வீடு "குடிசை" என்று எழுதப்பட்டால் 8,000. அதே வீடு "கச்சா வீடு, முழுச் சேதம்" என்று எழுதப்பட்டால் 1,20,000. ஒரு வார்த்தையில் 1,12,000 ரூபாய் வித்தியாசம்! எது குடிசை, எது வீடு என்று தீர்மானிப்பது ஜில்லா அதிகாரிகள். நோட்டில் எழுதுவது கணக்கெடுக்க வருகிறவர். அவர் தெரு முனையில் நின்று ஓலைக் கூரையைப் பார்த்தார். குடிசை என்று எழுதினார். ஓலைக்கு அடியில் ஒன்றரையடி கனத்தில் மண் சுவர், மூன்று அறை, மரக் கதவு, நாற்பது வருஷக் குடித்தனம் இருந்ததை அவர் பார்க்கவில்லை. பார்க்கவிடாதது அவர் கையிலிருந்த வேலைப் பளுவா, வேறெதுவுமா, நாம் அறியோம். நாம் காட்டியிருக்க வேண்டும்.

நோட்டையும் படங்களையும் எடுத்துக்கொண்டு ஐம்பது பேர் தாலுகா ஆபீசுக்குப் போனோம். சண்டை போடவில்லை. "அய்யா, வந்து அளந்து பாருங்கள், எங்கள் அளவு இதோ" என்றோம். இரண்டாம் முறை வந்தார்கள். டேப் பிடித்தார்கள். இடிந்த ஒன்பது வீடுகளில் ஆறு வீடுகளுக்கு எழுத்து மாறியது. இது வெற்றிதான். ஆனால் மீதி மூன்று?

அந்த மூன்றில் ஒன்று ஆச்சியின் வீடு. அதன் சுவர் கனம், நீளம் எல்லாம் சரியாக இருந்தது. ஆனால் நிலம் வாய்க்கால் புறம்போக்கு, பட்டா இல்லை. இடிந்த வீடு அங்கீகாரம் பெற்ற கட்டடமாக இருக்க வேண்டுமென்று அதே விதியில் ஒரு வரி இருக்கிறது. "எங்க அய்யா காலத்துலருந்து இங்கதான இருக்கோம், வரி கெட்டிருக்கோம்லா" என்றாள் ஆச்சி. வரி ரசீது இருந்தது. பட்டா இல்லை. 8,000 ரூபாய்தான் வந்தது.

நாம் ஏன் வாய்க்கால் கரையில் குடியிருக்கிறோம்? பாசத்தினாலா? மேட்டு நிலமெல்லாம் யாருக்கோ சொந்தம். மிச்சமாக விடப்பட்டது பள்ளமும் கரையும். அங்கே குடிசை போட்டோம். வெள்ளம் வந்தால் முதலில் நம் வீடு போகிறது. நஷ்டஈடு வந்தால் கடைசியில் நம் பெயர் வருகிறது. இரண்டுக்கும் காரணம் ஒன்றுதான். மேடான இடத்தில் மனைப்பட்டா கேட்பது வெள்ள நிவாரணத்தின் ஒரு பகுதி என்பதை நாம் மறக்கலாகாது. அந்த மூன்று குடும்பங்களுக்காகக் கொடுத்த மகஜர் இன்னும் முடிவாகவில்லை. நாங்களும் விடவில்லை.

கடன் என்னும் இரண்டாம் வெள்ளம்

பயிர் மூழ்கினால் வயல்காரருக்குப் பயிர் நஷ்டம். நமக்குக் கூலி நஷ்டம். பிசான நெல்லும் வாழையும் போன பிறகு களையெடுப்பு ஏது, அறுப்பு ஏது, தார் வெட்டு ஏது? கூலி நஷ்டத்தை ஒருவரும் வந்து எழுதவில்லை. அந்த நேரம் பார்த்து வட்டிக்காரர் வருகிறார். மிகவும் மரியாதையாகப் பேசுகிறார். 20,000 ரூபாய், பத்து வட்டி. மாசம் 2,000. வருஷத்தில் வட்டி மட்டும் 24,000. முதல் அப்படியே நிற்கிறது! கந்துவட்டியைத் தடுக்க 2003-ஆம் வருஷமே தமிழ்நாட்டில் சட்டம் வந்துவிட்டது. சட்டம் வந்தும் வட்டி போகவில்லை என்பது உங்களுக்குத் தெரியும்.

ஆகவே நாங்கள் ஒரு ஏற்பாடு செய்தோம். பணத்தால் செய்கிற வேலை எது, கையால் செய்கிற வேலை எது என்று பிரித்தோம். சேறு அள்ளல், சுவர் இறக்கல், மண் குழைத்தல், கூரை முடைதல், அஸ்திவாரம் தோண்டல் ஆகியவை நம் கையில் இருக்கின்றன. இவற்றுக்குக் கடன் வாங்க வேண்டாம், மொய்யாக உழைப்போம் என்றோம். இன்று நீ என் வீட்டுக்கு, நாளை நான் உன் வீட்டுக்கு. மில் பிள்ளைகள் வார விடுமுறையில் வந்து வேலை செய்தார்கள். சிமெண்டு, கம்பி, ஓடு இவற்றுக்குத்தான் பணம். அதற்கு முதலில் கூட்டுறவுச் சங்கம், பெண்கள் சுய உதவிக் குழு. வட்டிக்காரர் வாசலுக்குப் போகுமுன் தெருவில் ஒரு வார்த்தை சொல்ல வேண்டும். இதை எல்லோரும் கடைப்பிடித்தார்களா? இல்லை. சிமெண்டு பூசிய பையன் இன்னும் வட்டி கட்டுகிறான். அவனை நாங்கள் ஏசவில்லை. அவன் எங்களிடம் கேட்கும்படி நாங்கள் நடந்துகொண்டோமா என்றுதான் எங்களையே கேட்டுக்கொண்டோம்.

மறுபடி கட்டும்போது

ஆச்சி வீட்டைக் கட்டினோம். அதே இடத்தில் கட்டலாமா என்று இரண்டு ராத்திரி வாதம் நடந்தது. வேறு இடம் கிடைக்கும் வரை எங்கே படுப்பாள்? கடைசியில், வாய்க்காலிலிருந்து எவ்வளவு தள்ள முடியுமோ அவ்வளவு தள்ளிப் போட்டோம்.

விழுந்த வீட்டில் எது நின்றது, எது விழுந்தது என்று முதலில் பார்த்தோம். அடியில் இரண்டடி கல் கட்டு இருந்த பக்கம் நின்றது; தரையிலிருந்தே மண்ணாக எழுப்பிய பக்கம் விழுந்தது. ஆகவே இந்தத் தடவை தரைமட்டத்தைக் கரிக்கோட்டுக்கு எவ்வளவு பக்கத்தில் கொண்டுவர முடியுமோ அவ்வளவு உயர்த்தினோம். அடிப்பாகம் கல்லும் சிமெண்டுச் சாந்தும். அதற்கு மேல் ஈரம் ஏறாமல் தடுக்க ஒரு அடுக்கு காரை. அதன் மேல் மண் சுவர். இடிந்த சுவரின் மண்ணையே மிதித்துக் குழைத்து எழுப்பினோம். மூலைகள் விலகாமல் சுற்றிலும் ஒரு கட்டு. பனங்கை விட்டங்களைச் சுவரோடு கம்பியால் இறுக்கினோம். தாழ்வாரத்தை வெளியே நீட்டினோம். மழைச் சாரல் சுவரடியில் விழக் கூடாது. மின்சார மீட்டரும் பிளக்கும் ஆள் உயரத்துக்கு மேல். பத்திரம் வைக்கப் பரணில் ஒரு பிளாஸ்டிக் டப்பா.

முன்பிருந்த மூன்று அறை வீடு அல்ல இது. ஒரு அறையும் திண்ணையும்தான். அந்த 8,000 ரூபாய் அடிக்கல் கட்டுக்கே போதவில்லை. மீதிக்கு எல்லோரும் கைப்பொருள் போட்டோம்.

அடுத்த ஐப்பசி வருமுன்

தோழர்களே! மழை மறுபடி வரும். ஒவ்வொரு தெருவும் இந்த ஐந்து காரியங்களைச் செய்துவிட வேண்டுமென்று கேட்டுக்கொள்கிறோம்.

முதலாவது, தெருவுக்கு ஒரு நோட்டு. வீட்டுக்கு ஒரு பக்கம். சுவர் என்ன, கூரை என்ன, எத்தனை அறை, எத்தனை பேர், என்னென்ன கால்நடை என்று வெள்ளம் வருமுன்னே எழுதிப் படமும் எடுத்து வையுங்கள். நின்றிருக்கும் வீட்டின் படம் இருந்தால், விழுந்த வீட்டைக் குடிசை என்று சொல்வது கஷ்டம்.

இரண்டாவது, பட்டா இல்லாத வீடுகளின் பட்டியல். இன்றே மனுக் கொடுங்கள், ரசீது வாங்குங்கள்.

மூன்றாவது, எட்டுப் பேர் கொண்ட குழுக்கள். மண்வெட்டி, சட்டி, கயிறு, ரப்பர் பூட்ஸ் யாரிடம் இருக்கிறது என்று தெரிந்திருக்கட்டும்.

நாலாவது, வாய்க்காலையும் மடையையும் தூர் வாரச் சொல்லிப் புரட்டாசிக்குள் மகஜர். வாராவிட்டால் கூட்டமாகப் போய்க் கேளுங்கள்.

ஐந்தாவது, வெள்ளக் கோட்டை அழிக்காதீர்கள். வெள்ளையடிக்கும்போது எல்லோரும் அதை மறைத்துவிட ஆசைப்பட்டார்கள். பார்த்தால் மனசு பதறுகிறது என்றார்கள். ஆச்சி வீட்டுக்கு எதிரே தப்பி நின்ற செங்கல் சுவரில் மட்டும் அந்தக் கோட்டை விட்டுவைத்தோம். தேதியும் எழுதியிருக்கிறது. தரையை எவ்வளவு உயர்த்த வேண்டும் என்று இனி வீடு கட்டுகிற பிள்ளைகள் ஒருவரையும் கேட்க வேண்டாம். அந்தச் சுவரைப் பார்த்தால் போதும். தாசில்தார் வந்தாலும் முதலில் அங்கேதான் அழைத்துப் போகிறோம்.

சேற்றை அள்ளியது நம் கை. சுவரை எழுப்பியது நம் கை. அதே கை மனுவும் எழுதட்டும், கணக்கும் கேட்கட்டும். இந்த வார்த்தையோடு முடித்துக்கொள்கிறோம்.